வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள், அண்ணா

நியூ ஜெர்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். மும்பை சயான் சர்க்கிளில் போக்குவரத்துக் காவலராகப் பணியில் இருந்தபோது, சிக்னலை மீறிய காரை நீங்கள் மறித்து நிற்க, அதை ஓட்டியவன் உங்களைப் பானட்டில் சுமந்தபடியே சிறிது தூரம் ஓட்டிப் போனான் என்று மதினி சொன்னதிலிருந்து மனம் ஆறவில்லை. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அண்மையில் ஓர் இரவு, நண்பருடைய காரை நெடுஞ்சாலையில் போலீசார் நிறுத்தினார்கள். இங்கே யாரும் குறுக்கே பாய்வதில்லை. பின்னாலேயே வந்து விளக்கைச் சுழலவிட்டால், ஓட்டுபவர்தான் ஓரங்கட்ட வேண்டும். வந்த அதிகாரி தமது வண்டியை எங்களுக்கு நேர் பின்னால் நிறுத்தாமல் சாலைப் பக்கமாகச் சற்றே விலக்கி நிறுத்தினார். நடந்து வரும் தமக்கு அதுவே மறைப்பாக இருக்கும் என்பது கணக்கு. பிறகு, வாகனங்கள் சீறிப் பாயும் ஓட்டுநர் பக்கத்தைத் தவிர்த்து, புல்தரை வழியாகச் சுற்றி, நான் உட்கார்ந்திருந்த வலப்புற ஜன்னலுக்கு வந்தார். அவருடைய டார்ச் வெளிச்சம் முதலில் விழுந்தது எங்கள் கைகளில்தான். துப்பாக்கி மலிந்த நாடல்லவா? நண்பர் இரு கைகளையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு, அனுமதி கேட்ட பிறகே லைசென்சை எடுத்தார். (எனக்கு வியர்த்துக் கொட்டியது வேறு கதை.)

ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்லும் அதிகாரத்தை, போலீசாரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 1977-இலேயே இந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஓரத்தில் போலீஸ் வண்டி நின்றால் மற்றவர்கள் அடுத்த தடத்துக்கு மாற வேண்டும், இயலாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற சட்டம் 50 மாநிலங்களிலும் உண்டு. அப்படியிருந்தும் அடிபட்டுச் சாகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நம் ஊரிலோ, நிறுத்தப்படும் வண்டியே எமன். ஹெல்மெட் இல்லாமல் வந்த சிறுவனைத் தட்டிக் கேட்டதற்காகத் தாக்கப்பட்டு, 2016-இல் உயிரிழந்த மும்பைப் போக்குவரத்துக் காவலர் விலாஸ் ஷிண்டேயை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

ஆகவே, வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். சாவியைப் பிடுங்க ஜன்னலுக்குள் கை நீட்டாதீர்கள். ஓடுகிறவன் ஓடட்டும், நம்பர் பிளேட்டைப் படமெடுத்து இ-செலான் (மின்னணு அபராதச் சீட்டு) போடுங்கள். அவன் பணம் கட்டமாட்டான் என்பீர்கள். கட்டாவிட்டால் அது அரசாங்கத்துக்கு வரவேண்டிய பாக்கி. அதற்காக மதினியும் பிள்ளைகளும் எதை இழக்க வேண்டும்?

நாகாபந்தி (சாலைத் தடுப்புச் சோதனை) இரவுகளில் நீங்கள் அணியும் ஒளிரும் மேற்சட்டை கிழிந்துவிட்டதாக மதினி சொன்னார்கள். புதிதாக ஒன்றை, தாராவிக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். அளவை மட்டும் எழுதுங்கள்.

அன்புத் தம்பி