ஐப்பசிக்கு முன்னால் சாலைப் புருவத்தை வெட்டிவிடுங்கள்

மாநில நெடுஞ்சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாக நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே மூன்று முறை தார் போட்டதைப் பார்த்துவிட்டேன். மூன்று முறையும் அதே இடத்தில்தான் பெயர்ந்தது. அந்த இடத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது, அதுதான் காரணம்.

சாலையை நடுவில் உயர்த்தி, மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் போல வாட்டம் கொடுத்துத்தான் போடுகிறீர்கள். தண்ணீர் ஓரத்துக்கு வழிந்தும் விடுகிறது. ஆனால் அங்கே புருவம், அதாவது தாரை ஒட்டிய மண் ஓரம், தாரை விட நாலு விரல் மேலே நிற்கிறது. வருடக்கணக்கில் சேர்ந்த புழுதி, அதில் வேர்விட்ட அருகம்புல். தண்ணீர் இறங்க வழியில்லாமல் தார் மேலேயே தேங்குகிறது. அதன் மேல் லாரி டயர் ஏற ஏற, ஜல்லியில் ஒட்டியிருந்த தார் விட்டுப்போகிறது. முதலில் நாலு கல் பெயரும். பத்து நாளில் குழி. போன கார்த்திகையில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து வந்த ஒரு அம்மா, தண்ணீருக்கு அடியில் குழி இருப்பது தெரியாமல் விழுந்தார். நாங்கள்தான் ஓடிப்போய்த் தூக்கினோம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து வயதான சாலைப் பணியாளர் ஒருவர் வந்தார். கையில் மண்வெட்டி மட்டும்தான். புருவத்தில் ஒரு முழ அகலத்துக்கு நாலு இடத்தில் வெட்டிவிட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் முழுக்கப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அப்புறம் பக்கத்துச் சிறுபாலத்தில் குனிந்து, அடைத்திருந்த இளநீர் கூடுகளையும் சாக்கையும் இழுத்துப் போட்டார். அரை மணி நேர வேலை. அதையே புரட்டாசியில் செய்திருந்தால் அந்த அம்மா விழுந்திருக்க மாட்டார்.

இந்த வேலைக்காக 1997-இல் எடுக்கப்பட்ட சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் 2002-இல் வேலையை இழந்து, 2006-இல் திரும்ப வந்தார்கள். அவர்களில் பலர் இப்போது ஓய்வு வயதை எட்டிவிட்டார்கள். அந்த இடங்களுக்கு ஆள் கேட்டு மேலே எழுதுங்கள். எந்தச் சிறுபாலம் எந்த மழையில் அடைக்கும் என்பது தினம் அந்தச் சாலையில் நடக்கிறவருக்குத்தான் தெரியும். 2023-இல் வந்த 'நம்ம சாலை' செயலி நல்ல ஏற்பாடு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் குழி விழுந்த பிறகுதானே அதில் படம் அனுப்ப முடியும்?

இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதை ஊருக்குள் போகும் எல்லாச் சாலையிலும் விடாமல் செய்யுங்கள். தார் மேல் தார் போட்டால் வீடுகள் பள்ளத்துக்குப் போகின்றன. ஊருக்கு வெளியே ஓரம் ஒரு சாண் இறங்கி, லாரிக்கு ஒதுங்கும் பைக்காரர் கவிழ்கிறார். அந்த மாதிரி இடத்தில் கிராவல் கொட்டி உருளை ஓட்டிவிட்டால் போதும்.

செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் பிரிவில் ஒவ்வொரு சிறுபாலத்தையும் ஜீப்பிலிருந்து இறங்கி ஒரு தடவை பாருங்கள். மழை பெய்யும்போது இன்னொரு தடவை வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நான் கூடவே நடந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சாலையோர டீக்கடைக்காரன்