முக்திநாத் யாத்திரைக்கு ஆதார் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் சிற்றூர்களில் காசிக்கும், நேபாளத்தில் உள்ள பசுபதிநாத், முக்திநாத் கோயில்களுக்குமான யாத்திரைத் துண்டறிக்கைகள் கோயில் வாசல்தோறும் ஒட்டப்படுகின்றன. கட்டணமும் தங்குமிடமும் வேளைக்கு வேளை உணவும் அவற்றில் விரிவாக இருக்க, நாட்டின் எல்லையைக் கடக்க எந்த ஆவணம் வேண்டும் என்பது மட்டும் ‘ஆதார் அட்டை கொண்டுவரவும்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இந்த வரி பலருக்குப் பொருந்தாது.

நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா வேண்டியதில்லை, பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. ஆனால் பாஸ்போர்ட் இல்லாத பெரியவர்கள் தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டுமே ஆதார் ஏற்கப்படுகிறது. அதுவும் 2019இல்தான் உள்துறை அமைச்சகம் அனுமதித்தது. ரேஷன் கடை முதல் வங்கி வரை ஆதாரையே காட்டிப் பழகிய நம் மக்களுக்கு, அது அடையாளத்துக்குத்தான் சான்று, குடியுரிமைக்கு அல்ல என்பது எல்லைக்குப் போய் நிற்கும்போதுதான் தெரிய வருகிறது.

கடந்த ஆண்டு எங்கள் ஊரிலிருந்து சென்ற குழுவில், அறுபது வயதுகூட நிறையாத ஓர் அம்மையார் ஆதாரை மட்டுமே கொண்டு சென்றதால் நேபாள எல்லையான சோனாலியில் திருப்பி அனுப்பப்பட்டார். பல ஆண்டுகள் பால் ஊற்றிய பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, 108 திவ்யதேசங்களுள் ஒன்றான முக்திநாத்தைக் காணப் புறப்பட்டவர் அவர். மற்றவர்கள் தரிசனம் முடித்துத் திரும்பும்வரை கோரக்பூர் விடுதியில் காத்திருந்தார். முன்பணம் வாங்கிய அன்றே ஏற்பாட்டாளர்கள் வாக்காளர் அட்டையைக் கேட்டிருந்தால் இந்த வேதனை நேர்ந்திருக்காது.

குடும்பமாகச் செல்வோருக்கு ஒரு தளர்வு உண்டு. பெரியவர் ஒருவரிடம் உரிய ஆவணம் இருந்தால், மற்றவர்கள் புகைப்படத்துடன் கூடிய வேறு அடையாளச் சான்றையும் உறவுமுறைக்கான சான்றையும் காட்டிச் செல்லலாம். ஆனால் இங்கே குடும்பம் என்பது கணவன், மனைவி, பெற்றோர், வயது வராத பிள்ளைகள் மட்டுமே. நம் பகுதியில் யாத்திரைக்குப் பெரும்பாலும் பங்காளி வீட்டாரும் சம்பந்தி வீட்டாரும் ஒரே வீதிப் பெண்களும் சேர்ந்தே செல்கிறார்கள். அவர்களுக்கு இத்தளர்வு உதவாது.

வயதையும் கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்கள் பலருக்கு ஆதாரில் உத்தேச வயதே பதிவாகியிருப்பதால், வீட்டுக் கணக்கில் எழுபதை எட்டியவர் அட்டையில் அறுபத்து நான்கு வயதினராக இருக்கக்கூடும். எல்லையில் அட்டையில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள்.

யாத்திரை ஏற்பாட்டாளர்கள் இந்த விதிகளைத் துண்டறிக்கையிலேயே தமிழில் அச்சிட்டு, முன்பணம் வாங்கும்போதே ஒவ்வொருவரின் அசல் ஆவணத்தையும் பார்த்துவிட வேண்டும். வாக்காளர் அட்டை தொலைந்தவர்கள் தேர்தல் ஆணையத்தின் படிவம் 8 மூலம் மாற்று அட்டை பெறலாம். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும் என்பதால், பயணத் தேதி குறிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. தாலுகா அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் இதுபற்றி ஓர் அறிவிப்புப் பலகை வைக்குமாறு மாவட்ட நிர்வாகங்களையும், ஆன்மிகப் பக்கத்தில் இந்த விவரங்களை வெளியிடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.