ஹிந்தி கைடு போடுற பதிப்பாளர்களே, அந்த குட்டி 2-அயும் 4-அயும் போடுங்க

தமிழ் வழியா ஹிந்தி கத்துக்குடுக்குற புத்தகம் போடுற பதிப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்க புத்தகத்த நம்பித்தான் போபாலுக்கு ரயிலேறினேன். முதல் பாடத்துல க, க, க, கன்னு வரிசையா அச்சடிச்சிருந்தீங்க, பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சது நாலும் வேற வேற எழுத்தாம்.

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல, பாடத்துல இருந்த மாதிரியே "பையா, ஏக் தாலி"ன்னேன். பரிமாறுற பையன் என் மூஞ்சிய ஒரு பார்வை பாத்தான், கரண்டிய கீழ வெச்சான், ரெண்டு கையையும் சேத்து பட்டுனு ஒரு தட்டு தட்டிட்டு அடுத்த ஆளுக்கு சப்பாத்தி போடப் போயிட்டான். கியூவே சிரிச்சுது. தாலின்னா அவங்களுக்கு கைதட்டாம், சாப்பாட்டுத் தட்டு வேணும்னா த-வோட மூச்சையும் சேத்து வெளிய தள்ளணும், வாய்க்கு நேரா உள்ளங்கைய வெச்சா காத்து அடிக்கணும்னு ராத்திரி ரூம்மேட் சொல்லித்தான் தெரியும் (நம்மூர்ல தாலி கேட்டா அது வேற சங்கதி). அந்த 'பையா'லயும் மூச்சு இருக்காம், அதையும் முழுங்கிட்டேன். க-லேர்ந்து ம வரைக்கும் 25 எழுத்துல 10 எழுத்து இப்படி, பத்துக்கும் உங்க புத்தகத்துல ஒரு அடையாளம் கெடையாது.

பக்கத்துலயே இங்கிலீஷ்ல போட்டிருக்கோமேம்பீங்க. லதான்னு எழுத நாம டி-க்குப் பின்னாடி ஹெச் போடுவோம், அவங்க வெறும் டி-யோட நிறுத்திக்குவாங்க, ஹெச் வந்தா அவங்களுக்கு மூச்சு. அப்ப அதப் பாத்து நான் என்னன்னு படிக்கறது?

பாட்டி வெச்சிருந்த சுலோகப் புத்தகத்துல எழுத்து மேல பொடிசா 2, 3, 4 இருக்குமே (நாலு க-ல இது எத்தனாவதுன்னு காட்ட, 2-ம் 4-ம்தான் மூச்சு எழுத்து), அதையே போடுங்க. தா²லி. அவ்ளோதான்.

தமிழ்ல அந்த எழுத்து இல்ல, சரி, நம்ம மொழிக்குத் தேவப்படல. வாய்க்கு வராதுன்னு யார் சொன்னா? இங்கிலீஷ்காரன் 'பின்'னுக்கு மூச்சு விடுவான், 'ஸ்பின்'னுக்கு விடமாட்டான், அது அவனுக்கே தெரியாது. நாம மூச்சில்லாம pin-னு குண்டூசி கேட்டா அவன் காதுல bin-னு, அதாவது குப்பத்தொட்டின்னு விழும். உங்க இங்கிலீஷ் கைடும் இதப் பத்தி வாயத் தெறக்கல. முப்பதே நாள்ல சரளமான்னு போட அட்டைல எடம் இருக்கு, கோட்டு போட்டவர் போட்டோவுக்கு எடம் இருக்கு, ஒரு குட்டி 2-க்கு மட்டும் எடமில்ல.

கொஞ்சம் ஓவரா போயிட்டேன், மன்னிச்சுக்கங்க. அடுத்த பதிப்புலயாவது அந்த எண்களப் போட்டுடுங்க சார், ப்ளீஸ். அதுவரைக்கும் நான் தட்டக் கையக் காட்டித்தான் வாங்கணும்.

இப்படிக்கு,
போபால்லேர்ந்து உங்க வாசகன்