கிளிநொச்சியிலிருந்து வந்த டீசல் பம்ப்

பஞ்சிகாவத்தை,
கொழும்பு 10.

அன்புள்ள நண்பருக்கு,

நீர் இரவு பஸ்ஸில் கொடுத்து அனுப்பிய பொதி செவ்வாய் விடியற்காலையில் பத்திரமாக என் கைக்கு வந்து சேர்ந்தது. நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உமது சிறு உழவு இயந்திரத்தின் டீசல் பம்ப் தேய்ந்து போகவில்லை. புதுப் பம்ப் போடாமல் காரியம் ஆகாது என்று அங்குள்ள ஒருவர் சொன்னதைக் கேட்டு, வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடும்.

எஞ்சின் முடுங்கவில்லை, ஸ்டார்ட்டரில் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் புகைக்குழாயில் புகையே இல்லை என்று நீர் எழுதிய ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. சிலிண்டருக்குள் போன டீசல் எரியாமல் வெளியேறினால் வெள்ளைப் புகையாவது வரும். அதுவும் இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை என்று பொருள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தபோது மூன்றும் உலர்ந்தே இருந்தன என்று நீர் தொலைபேசியில் சொன்னதும், வில்லங்கம் இன்ஜெக்டரின் முனையான நாசிலில் இல்லை, பம்பில்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மூன்று நாசில்கள் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை.

பம்பை மேசையில் வைத்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற கோலை விரலால் தள்ளிப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள பம்பைச் சற்றுச் சரித்தாலே அது தானாக வழுக்கி ஓட வேண்டும். இது நிறுத்தும் நிலையிலேயே இறுகிக் கிடந்தது. கழற்றியபோது, டீசலை அழுத்தித் தள்ளும் மூன்று பிளஞ்சர்களில் இரண்டு இலேசாக வந்தன, மூன்றாவது மேலே ஏறிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றையும் திருப்புவது அந்த ஒரே ராக் என்பதால், ஒன்று ஒட்டினால் மற்ற இரண்டும் டீசல் கொடுக்க முடியாமல் போய்விடும். ஒட்டியதன் மேல் பழுப்புநிறப் பிசினும் கடுகளவு துருவும் இருந்தன.

பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையில் இருக்கும் வெளி இரண்டு மூன்று மைக்ரோன் மட்டுமே. நமது தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரோன். இரண்டையும் சோடியாகவே தேய்த்துப் பொருத்தியிருப்பதால், ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் உறைக்குள் போடக் கூடாது, அரத்தாளை அதன் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. ஆகவே அதை இரண்டு இரவுகள் சுத்தமான டீசலில் ஊறவிட்டு, மரத்துண்டால் மெதுவாகத் தட்டித்தான் வெளியே எடுத்தேன். அவசரப்பட்டுச் சுத்தியலால் அடித்திருந்தால் நீர் பயந்த செலவு உண்மையிலேயே வந்திருக்கும். துரு நல்வேளையாக டீசலை அடைக்கும் விளிம்பில் ஏறவில்லை. குழாய்களுக்குப் போன டீசல் பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் டெலிவரி வால்வுகளில் ஒன்று மட்டும் அழுத்தத்தைத் தாங்கவில்லை. சதுர சென்ரிமீற்றருக்கு 140 கிலோவிலிருந்து 130க்கு இறங்க ஐந்து வினாடியாவது எடுக்க வேண்டும், இது இரண்டு வினாடியில் விழுந்தது. அதை மாற்றி, வொஷர்களும் ஓ-ரிங்குகளும் புதிதாகப் போட்டேன். சோதனை மேசையில் ஓடவிட்டுப் பார்த்தபோது மூன்று குழாய்களும் சமமாகவே கொடுத்தன.

இனி, கோபித்துக்கொள்ளாமல் கேளும். 2022ஆம் ஆண்டு வரிசைகளில் நின்ற பயத்தில் பிளாஸ்டிக் கலன்களில் டீசல் சேர்க்கத் தொடங்கிய பழக்கத்தை நீர் இன்னும் விடவில்லை என்று அறிவேன். மழைக்காலம் முழுவதும் அரைவாசித் தாங்கியோடு கொட்டிலில் நின்ற இயந்திரத்தில், பகலில் சூடாகி இரவில் குளிரும் காற்று தாங்கிக்குள் நீராக வியர்க்கும். அந்த நீர் டீசலுக்குக் கீழே இறங்கி, குழாய் வழியே பம்புக்குத்தான் போகும். பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது. டீசலே அதற்கு மசகு. நீரோ மசகு ஆகாது, துருவைத்தான் கொண்டுவரும். ஆகையால் இந்தப் பம்பைப் பூட்டுவதற்கு முன்பாகத் தாங்கியைக் கழற்றிக் கழுவி, வடிகட்டியை மாற்றி, அதன் கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்து, குழாய்களை ஊதிவிடும். கலன்களிலுள்ள பழைய டீசலை ஒரு துளிகூட மீண்டும் ஊற்ற வேண்டாம். என் வேலையின் பாதி உமது தாங்கிக்குள்ளேயே இருக்கிறது.

பம்பின் அடியில் இருந்த ஷிம்கள் என்ற மெல்லிய தகடுகளை ஒரு சிறு உறையில் தனியே இட்டிருக்கிறேன். அதே தடிப்பில்தான் திரும்பப் போட வேண்டும். உம்முடையது போன்ற சிறு குபோட்டா எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றர் வித்தியாசமே டீசல் தெளிக்கும் நேரத்தை அரைப் பாகை மாற்றிவிடும். தடித்தால் பிந்தும், மெலிந்தால் முந்தும். பூட்டும்போது ராக்கின் முள் எஞ்சினின் உடற்பகுதியில் உள்ள வெட்டுக்கு நேராக வர வேண்டும். நேராக வராவிட்டால் பலவந்தம் செய்யாதேயும், மீண்டும் எடுத்துப் பாரும். பக்க மூடியைத் திறந்து எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கைக் கொழுவும்போது, கழற்றுகையில் செய்தது போலவே அதில் ஒரு நூலைக் கட்டிவையும். அது பற்சக்கரப் பெட்டிக்குள் விழுந்தால் எஞ்சினின் முன்பகுதியையே பிரிக்க வேண்டிவரும்.

காற்றை வெளியேற்ற, பம்பின் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை காத்திரும். பிறகு இன்ஜெக்டர் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பத்து வினாடிக்கு மேல் சுழற்றாமல், ஸ்டார்ட்டரை ஆறவிட்டுத் தொடரும். அந்தப் பீச்சலுக்கு அருகில் கையை வைக்க வேண்டாம். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும், அது விரலையே இழக்கச் செய்யும் காயம்.

முதல் முறை முடுக்கும்போது ஒருவர் கையில் அகன்ற பலகையுடன் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாயருகே நிற்கட்டும். ராக் முழு டீசல் நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் தன் வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் உடனே நிற்கும். அப்படி நேரும் என்று நான் நினைக்கவில்லை, என்றாலும் அந்தப் பலகை இல்லாமல் நீர் சாவியைத் தொடுவதை நான் விரும்பவில்லை.

பொதி வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிறது. காலபோக விதைப்புக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருப்பதால் அவசரப்பட வேண்டாம்; சனிக்கிழமை தாங்கியைக் கழுவி, ஞாயிறு பம்பைப் பூட்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் நான் வேலைக்கடையில்தான் இருப்பேன், முடுக்குவதற்கு முன்பு ஒரு முறை அழையும்.

உமது பழைய தோழன்.