ஆறு பேர் போட்டி, ஒரே ஓட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நியூஜெர்சி ஆளுநர் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரை, 2025 நவம்பரில் மிக்கி ஷெரில் பெற்ற வெற்றியை நன்றாகவே அலசியிருந்தது. ஆனால் ஜூன் 10 அன்று நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியை, அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலை, ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எடிசனில் வசிக்கும் வாக்காளர் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம்தான்.

களத்தில் ஆறு பேர். ஐந்து பேர் மாநிலத்தின் வடக்குப் பகுதி. அதிலும் நெவார்க் மேயர் ராஸ் பராக்கா, மான்ட்கிளேரைச் சேர்ந்த ஷெரில், ஷான் ஸ்பில்லர் என மூவர் எசெக்ஸ் என்ற ஒரே கவுண்டிக்காரர்கள் (கவுண்டி என்றால் மாவட்டம் போன்றது). தெற்கிலிருந்து ஸ்டீவ் ஸ்வீனி மட்டும். வடக்கு ஓட்டு சிதறினால் தெற்கின் ஒற்றை ஆள் கரையேறிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. ஆனால் அவருக்குக் கிடைத்தது சுமார் 7 சதவீதம், கடைசி இடம். 1989இல் ஜெயித்த ஜிம் ஃப்ளோரியோவுக்குப் பிறகு தெற்கிலிருந்து எவரும் ஆளுநராகவில்லை. டிவியில் பிலடெல்பியா செய்தி பார்க்கும் அந்த மக்களுக்கு, மாநிலத் தலைநகர் டிரெண்டனில் தங்களைக் கேட்பாரில்லை என்ற மனக்குறை பழையது. அது இன்னும் கூடியிருக்கும்.

ஷெரில் சுமார் 34 சதவீதத்தில் வேட்பாளரானார். வேறு முறையில் எண்ணியிருந்தாலும் அவரே ஜெயித்திருக்கலாம். அவர் வெற்றியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேறு யாருக்கோதான் போட்டார்கள். அவர்களின் அடுத்த விருப்பம் யார் என்று கேட்க இங்கே வழியே இல்லை.

கவுண்டிக் கட்சித் தலைமை ஆதரிப்பவர்களை எல்லாம் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அடுக்கி, மற்றவர்களை ஓரங்கட்டிய பழைய முறைக்கு 2024இல் நீதிமன்றம் தடை போட்டது. மிக நல்ல காரியம். ஆனால் கதவைத் திறந்தால் கூட்டம் வரத்தானே செய்யும்? அதிக ஓட்டு வாங்கியவருக்கே வெற்றி என்ற எண்ணும் விதியை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதே ஜூனில், நியூயார்க் நகர வாக்காளர்கள் மேயர் பிரைமரியில் ஐந்து பேர் வரை விருப்ப வரிசைப்படுத்தி ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டால், அவருக்கு விழுந்த ஓட்டு அந்த வாக்காளரின் அடுத்த விருப்பத்துக்குப் போகும். மம்தானியும் லேண்டரும் போட்டியாளர்களாக இருந்தும், இரண்டாவது இடத்தை மற்றவருக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இங்கேயும் அப்படி இருந்தால், வடக்கு வேட்பாளர் ஒருவர் தெற்கிலுள்ள க்ளௌசெஸ்டர் கவுண்டிக்குப் போய், "ஸ்வீனிக்கே போடுங்கள், இரண்டாவதாக என்னை வையுங்கள்" என்று கேட்டிருப்பார். அப்புறம் அந்த ஊர்க் குறைகளுக்கும் காது கொடுத்தாக வேண்டும்.

அடுத்த ஆளுநர் பிரைமரி 2029இல். அதற்குள் மாநிலச் சட்டமன்றம் சட்டத்தை மாற்ற வேண்டும். இங்குள்ள தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவுக்கு அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதை நேரடியாகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
எடிசன் வாசகர், நியூஜெர்சி