'அபேட்' எல்லாக் குறைவுக்கும் ஆகாது

ஐயா,

போட்டித் தேர்வு எழுதுவோருக்காக உங்கள் நாளிதழில் வரும் ஆங்கிலப் பகுதியில் 'அபேட்' என்ற வினைச்சொல்லுக்குக் 'குறைதல்' என்று மட்டும் பொருள் போட்டிருந்தீர்கள். அதை நம்பி, பக்கத்து வீட்டுப் பையன் 'மை வெயிட் ஹாஸ் அபேட்டட்' என்று எழுதிக் காட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கு எடையும் குறையும், விலையும் குறையும், காய்ச்சலும் குறையும். ஆங்கிலத்தில் அபேட் ஆவது பெரும்பாலும் வேகத்தோடு வந்த ஒன்றுதான்: புயல், வலி, கோபம், இரைச்சல். 'தணிந்தது' என்று சொல்ல முடிகிற இடமா என்று பார்த்துக்கொண்டால் அநேகமாகத் தப்பு வராது. வெப்ப அலை தணிவதை வானிலைத் துறையும் 'அபேட்மென்ட்' என்றுதான் குறிப்பிடுகிறது. எடைக்கும் விலைக்கும் 'கம் டவுன்' போதுமே! குற்றத்துக்கு உடந்தையாக இருப்பது 'அபெட்'. அது வேறு சொல்.

நீங்கள் விட்டுவிட்ட இன்னொரு பொருள் கோர்ட்டில் இருக்கிறது. சிவில் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாதி இறந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடாவிட்டால் வழக்கு 'அபேட்' ஆகிவிடும். இங்கே தணிவதும் இல்லை, குறைவதும் இல்லை; வழக்கு அதோடு அற்றுப்போகிறது. 'கேஸ் குறைஞ்சிடுச்சாமே, கொஞ்சம் மிச்சம் இருக்கா?' என்று கேட்ட கட்சிக்காரர்களும் உண்டு. அடுத்த 60 நாளுக்குள், வழக்கு அப்படி அபேட் ஆனதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம். அதுவும் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு வேண்டும்.

கிரிமினல் அப்பீலுக்கு விதிகள் வேறு, சொல் இதேதான். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இல் காலமானார். சொத்துக் குவிப்பு வழக்கில் 2017 பிப்ரவரி 14-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவரைப் பொறுத்தவரை அப்பீல்கள் 'அபேட்' ஆகிவிட்டதாகச் சொன்னது. மற்ற மூவருக்குத் தண்டனை உறுதியானது. இதைக் 'குறைந்தது' என்று தமிழில் எழுதினால், அவருடைய தண்டனையைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அடுத்த வாரப் பகுதியில் இந்தச் சட்டப் பொருளையும் ஒரு எடுத்துக்காட்டோடு போடுங்கள். கோர்ட் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

– ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
பாளையங்கோட்டை