சிவந்த துணியும் அப்பாவின் பத்மினியும்

கோத்தகிரி,
பிப்ரவரி 9

அன்பு முருகேசா,

நலம். தங்கச்சியும் பாப்பாவும் நலமா?

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட பனியன் துணி மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. பாதிக்கு மேல் தீர்ந்தும் போனது. உபயோகித்த துணியெல்லாம் ரத்தக்கறை படிந்த கட்டு மாதிரிச் சிவந்து கொடியில் தொங்க, பக்கத்து வீட்டம்மா பதறிப்போய், "சாருக்கு என்னாச்சு?" என்று வசந்தாவிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

சாருக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் பிரீமியர் பத்மினி காருக்குத்தான் வைத்தியம். கோடநாட்டுக்குப் போனபோது நீ ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கியரோடு மல்லுக்கட்டி, நடுரோட்டில் நிறுத்தினாயே, அதே 1987 மாடல் வண்டி. அப்பா போன பிறகு நாலு வருஷம் தைல மரத்தடியில் கிடந்தது. அந்த அடர் சிவப்பு இப்போது கொய்யாப்பழத்தின் உள்பக்க நிறம். மேலே கை வைத்தால் மாவு ஒட்டும். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கைக்கு அது புதிதில்லை என்று வை.

குளிர்ந்த ஊரில் வண்டி எப்படி வெளுக்கும் என்று போனில் கேட்டாய். சூட்டை விட வெயிலிலிருக்கும் புற ஊதாக் கதிர்தான் பெயிண்டைத் தின்கிறது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் அதன் வீரியம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கோத்தகிரி 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிறத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை அந்தக் கதிரும் காற்றும் ஈரமும் சேர்ந்து சிதைத்துவிட, தூள் மட்டும் மேலே நிற்கிறது. அதிலும் சிவப்பு சீக்கிரம் வெளுக்கிற நிறம். பின் நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பழைய சிவப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்குமா?

மேட்டுப்பாளையத்தில் ஒரு பெயிண்டர், "முழுசா சுரண்டிப் புதுசா அடிச்சிரலாம் சார்" என்றார். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னவர்களும் உண்டு. எண்ணெய் ரெண்டு நாள் மினுக்கும், அப்புறம் ஊர்த் தூசியெல்லாம் வந்து ஒட்டும். இரண்டும் வேண்டாமென்று நானே இறங்கினேன்.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவினேன். தைல மரப் பிசினும் புழுதியும் கழுவினாலும் போகவில்லை. கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு தடவினால் ரவை மாதிரி நெருடும். அதற்கென்று களிமண் கட்டி போல ஒன்று விற்கிறார்கள். ஷாம்புத் தண்ணீர் தெளித்து அதை மெல்ல இழுத்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது. பிறகு எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷைத் தாராளமாகத் தேய்த்து ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். வறண்ட பெயிண்ட் அதைக் குடித்துவிட்டது. மறுநாள்தான் காம்பவுண்ட், அதாவது வெளுத்த மேல்தோலைத் தேய்த்தெடுக்கும் பசை, அதுவும் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓரமாகப் பரிசோதித்து. இருப்பதில் மென்மையானதை முதலில் போடு, போதாவிட்டால் மட்டும் கரகரப்பானதற்குப் போ. தகடு சூடாக இருந்தால் காம்பவுண்ட் காய்ந்து இறுகிவிடும். பனி விலகி, வெயில் ஏறுவதற்குள் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் வேலை நேரம்.

இனி என் முட்டாள்தனம். கை வலிக்கிறதென்று குன்னூரிலிருந்து பாலிஷ் மிஷின் இரவல் வாங்கினேன். கூரை பளபளவென்று வந்ததும் தைரியம் வந்துவிட்டது. பானெட்டின் நடு முகட்டில் மிஷினை ஓட்டினேன். நாலே நொடி. சிவப்பு போய் பெயிண்டுக்கு அடியில் பூசும் சாம்பல் நிற பிரைமர் பல்லைக் காட்டியது. பெயிண்டின் மொத்தக் கனமே பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நான் எழுதும் இந்தத் தாளின் கனம். முகட்டிலும் விளிம்பிலும் அதுவும் இருக்காது. மாஸ்கிங் டேப் ஒட்டி அந்த இடங்களை மறைத்திருக்க வேண்டும். இப்போது விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் கோடு. ஈரம் இறங்காமலிருக்க பிரஷ்ஷால் தொட்டு வைத்திருக்கிறேன். நிறம் சேரவில்லை.

அன்றே மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிச்சமெல்லாம் கையால்தான். இடது கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ஒன்று சாவகாசமாக வாசலுக்கு வந்தது. வண்டிக்குள் ஏறி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது போகிறபோக்கில் புதிதாகப் பாலிஷ் போட்ட பக்கமாக உரசுமோ என்றுதான் கவலை, என்னை முட்டுமோ என்றில்லை. வசந்தா ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

உன் வெள்ளி நிற மாருதி ஜென் காருக்கும் இதே வைத்தியம் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. என்னுடையது ஒரே பூச்சு, மேலிருந்து கீழ் வரை நிறம்தான். அதனால்தான் துணி சிவந்தது. மெட்டாலிக் பெயிண்டில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். மங்கியது அந்தக் கோட்டின் மேல்தோல் மட்டும் என்றால் பாலிஷ் போட்டு மீட்கலாம். நீ அனுப்பிய படத்தில் பானெட் வெயில் பட்ட தோல் மாதிரி உரிந்து, ஓரம் வெள்ளையாகத் தூக்கி நிற்கிறது. அதை எந்தக் காம்பவுண்டும் ஒட்டவைக்காது. தேய்க்கத் தேய்க்க இன்னும் உரியும். பானெட்டையும் கூரையையும் மட்டும் ஷெட்டில் கொடுத்துத் திரும்ப அடித்துவிடு. கதவுகள் நன்றாகத்தான் தெரிகின்றன, அவற்றுக்குப் பாலிஷும் மேலே பூசும் மெழுகான வேக்ஸும் போதும். வேக்ஸை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் இந்தப் பாடெல்லாம் படவேண்டியதில்லை. பிளாஸ்டிக் தார்ப்பாய் மட்டும் போர்த்தாதே, உள்ளே ஈரம் தேங்கும், காற்றில் ஆடி ஆடிக் கீறும்.

அடுத்த மூட்டையில் வெள்ளைத் துணி மட்டும் அனுப்பு. போன தடவை நடுவே ஒரு மெரூன் துண்டு கலந்திருந்தது. வருவது என் கார்ப் பெயிண்டா, உன் கம்பெனிச் சாயமா என்று அரை நாள் குழம்பினேன். தையல் மடிப்பு இருந்தால் வெட்டிவிடு, அது கீறும்.

அன்புடன்,
சந்திரன்